கரண்டுக்காரன் கண்ணில் பிளாஸ்மா

பிளாஸ்மா என்ற சொல்லை நம் வயதுக்காரர்கள் இதுவரை இரண்டு இடங்களில் கேட்டிருப்போம். கொரோனா காலத்தில் குணமானவர்களின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து மற்றவர்களுக்கு ஏற்றினார்கள். அதற்கும் முன்னால் வசதியான வீடுகளில் பிளாஸ்மா டிவி மாட்டியிருந்தார்கள். இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. காய்கறி, பழம், விதை இவற்றின் மேல் இருக்கிற கிருமியையும் பூஞ்சணத்தையும் பிளாஸ்மாவைக் கொண்டு கொல்வது. "தண்ணீர் வேண்டாம், மருந்து வேண்டாம், சூடு வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. நம் வாசகர் இருவர் அதை எனக்கு அனுப்பி, "இது நெசமா, புருடாவா? நீங்க கரண்டுல இருந்த ஆளு, சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்கள்.

நிஜம்தான். ஆனால் காணொளியில் சொல்கிற அளவுக்கு இல்லை. எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதமான அபிப்பிராயமும் இருப்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மாவுக்கும் இதற்கும் பெயர் ஒன்றே தவிர வேறு ஒட்டுறவு கிடையாது. அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் 1928-ல் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் வாயுவுக்கு இந்தப் பெயரை வைத்தார். கட்டியைச் சூடாக்கினால் நீர், நீரைச் சூடாக்கினால் ஆவி. ஆவிக்கும் மேலே இன்னும் சக்தியைக் கொடுத்தால் அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த நிலைதான் பிளாஸ்மா. சூரியன் பிளாஸ்மா. மின்னல் பிளாஸ்மா. எரிந்துகொண்டிருக்கும் டியூப்லைட்டின் உள்ளே இருப்பதும் பிளாஸ்மாதான். சூரியனில் கை வைக்க முடியாது, டியூப்லைட்டைத் தொட்டால் வெதுவெதுப்புத்தான். உள்ளே எலக்ட்ரான் மட்டும் வெறிபிடித்து ஓடும், வாயு சூடாகாது. இதற்குக் குளிர் பிளாஸ்மா என்று பெயர். காய்கறிக்குப் பயன்படுத்துவது இந்த வகையைத்தான்.

மின்வாரியத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழிப் பனியில், தூறலில், உயரழுத்தக் கம்பிக்குக் கீழே நின்று பாருங்கள். தலைக்கு மேலே 'ஸ்ஸ்ஸ்' என்று எண்ணெய்ச் சட்டி மாதிரி ஒரு சத்தம். நல்ல இருட்டாக இருந்தால் இன்சுலேட்டர் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு மினுமினுப்பு. மூக்கில் ஒரு காரமான வாடை. கொரோனா டிஸ்சார்ஜ் என்போம் (வைரஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்களிடம் அந்தப் பெயர் இருந்தது). சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30,000 வோல்ட் அழுத்தம் வந்துவிட்டால் காற்றே தாங்காது, உடைந்து மின்சாரத்தைக் கசியவிடும். அந்த வாடை ஓசோன். எங்களுக்கு அது நஷ்டம். லைன் லாஸ் கணக்கில் எழுதித் தொலைக்க வேண்டியது. அந்த நஷ்டத்தையே ஒரு பெட்டிக்குள் பிடித்து வைத்து வேலை வாங்குகிறார்கள் என்றால் எனக்கு ஆச்சரியம் வராமல் இருக்குமா?

பெட்டியின் அமைப்பும் எளிதுதான். இரண்டு உலோகத் தகடு, நடுவில் கண்ணாடி மாதிரி மின்சாரம் கடத்தாத ஒரு தடுப்பு, சின்ன இடைவெளி. பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால் இடைவெளியில் ஊதா ஒளி பரவும். தடுப்பு இருப்பதால் தீப்பொறியாகப் பாய்ந்து எரிக்காது. ஜெர்மனியில் வெர்னர் சீமன்ஸ் 1857-லேயே இந்த முறையில் ஓசோன் தயாரித்துக் காட்டிவிட்டார். 1906-ல் பிரான்சின் நீஸ் நகரத்தில் குடிநீரை ஓசோனால் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். ஆகவே அடிப்படை புதிதல்ல. அந்த ஒளியில் காற்றிலிருந்து ஓசோனும், நைட்ரஜன் ஆக்சைடுகளும், ஹைட்ராக்சில் என்ற பொல்லாத துணுக்கும் பிறக்கின்றன. அவை பாக்டீரியாவின் மேல்தோலைத் துளைத்து, உள்ளே இருப்பதைச் சிதைக்கின்றன. மின்சாரத்தை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் பழையபடி வெறும் காற்று.

டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி கேட்டார்: "ஏண்ணே, கரண்ட் பாய்ஞ்ச தக்காளியத் தின்னா நமக்கு ஒண்ணும் ஆகாதா?" தக்காளிக்குள் கரண்ட் தங்காது தம்பி. மழைக்காலத்தில் மின்னல் வெட்டிய பிறகு தோட்டத்தில் விளைந்ததை நாம் தின்னவில்லையா? மின்னல்தான் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மழையோடு மண்ணுக்கு இறக்குகிறது. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் அம்மாக்கள் கூடையை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குக் கிளம்புவார்கள். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தில், காளான் வளரும் மரக்கட்டைகளுக்கு உயரழுத்த மின்சாரத்தைக் கண்சிமிட்டும் நேரம் கொடுத்து, விளைச்சல் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அம்மாக்கள் சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது.

நம் பக்கத்திலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. தஞ்சாவூரில் நிப்டெம் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. நம் காலத்தில் அது நெல் பதன ஆராய்ச்சி மையம். ஈரநெல்லை என்ன செய்வது என்று தெரியாமல் டெல்டா விவசாயி கையைப் பிசைந்த 1960-களில் பிறந்தது. இப்போது அங்கிருந்து குளிர் பிளாஸ்மா பற்றிய ஆய்வுகள் வெளிவருகின்றன. குஜராத் காந்திநகரில் பிளாஸ்மாவுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் உண்டு. அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. இமாச்சலம் குல்லு பக்கம் அங்கோரா முயல் வளர்த்து, அதன் ரோமத்தில் சால்வை நெய்கிறார்கள். அந்த ரோமம் வழுவழுப்பு, நூற்கும்போது நிற்காமல் உதிரும். அதைப் பிளாஸ்மாவில் காட்டி எடுத்தால் மேற்பரப்பு லேசாகச் சொரசொரப்பாகி, இழையோடு இழை பிடித்துக்கொள்கிறது. மலைக்கிராமத்துக்காரர்களுக்கு உதவுகிற மாதிரி ஒரு இயந்திரத்தைச் செய்து கொண்டுபோய் வைத்தார்கள். விஞ்ஞானம் இப்படித்தான் இறங்கி வரவேண்டும்.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருகிறேன்.

எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது திராட்சைதான். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்று சொல்வார்கள். மற்ற ஊரில் வருடத்துக்கு ஒரு அறுப்பு என்றால் நம்மிடம் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் குலை தொங்கும். ஆனால் தோல் மெலிசு. மழை பெய்தால் வெடிக்கும், வெடித்த இடத்தில் பூஞ்சணம் ஏறும், ஒரு பழம் கெட்டால் பெட்டியே போச்சு. இதைப் பிளாஸ்மா காப்பாற்றுமா?

என்னைக் கேட்டால், அவ்வளவு சீக்கிரம் இல்லை. பிளாஸ்மா மேல்பரப்பில் மட்டும் வேலை செய்யும் சமாச்சாரம். ஒளி படுகிற இடத்தில் கொல்லும், நிழல் விழுகிற இடத்தில் விட்டுவிடும். குலைக்குள் பழமும் பழமும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடுக்கில்தான் பூஞ்சணமே குடியிருக்கிறது. ஆய்வகத்தில் பத்துப் பழத்தைப் பிரித்துத் தட்டில் பரப்பி வைத்துச் சாதித்துவிடலாம். ராயப்பன்பட்டியில் லாரிக்கு ஏற்ற வேண்டிய பெட்டிகளை அப்படிப் பரப்ப முடியுமா? இதற்கு ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் பிளாஸ்மாவைக் காட்டினால் அந்தத் தண்ணீரே புளிப்பேறி, ஹைட்ரஜன் பெராக்சைடும் நைட்ரேட்டும் கலந்து, கிருமிகொல்லியாகிவிடும். அதில் முக்கினால் இடுக்கெல்லாம் போகும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் இது சரியாக வரும் என்றே எனக்குப் படுகிறது. வாய்க்கால் தண்ணீரில் அலசிக் கட்டுகிற கட்டுகளை நாம்தானே வாங்குகிறோம். நனைந்த திராட்சையைப் பெட்டியில் அடைத்தால் மட்டும் என்ன ஆகும் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்வார்.

அடுத்தது ஏலக்காய். இதில்தான் எனக்குப் பயம். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணையில் போட்ட ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் கூடுதலாக இருக்கிறது என்று கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது நினைவிருக்கும். ஆறரை லட்சம் டின்னுக்கு மேல் முடங்கி, விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. ஏலம் விளைவது இடுக்கி மலையில் என்றாலும், ஏலம் போடுவது போடியில். காலையில் கம்பம் மெட்டு ஏறும் ஜீப்புகளில் போகிற சனம் நம் சனம். ஆகவே அது நம் பிழைப்பைப் பற்றிய செய்தி. இப்போது 'பிளாஸ்மா பூச்சிமருந்தையும் சிதைக்கும்' என்று ஒரு பேச்சு வருகிறது. சிதைக்கும், மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதியை. செடி வேர் வழியாக உறிஞ்சி உள்ளே ஏற்றிக்கொண்ட மருந்தைத் தொடக்கூட முடியாது. அதைவிட முக்கியம், சிதைந்தது எல்லாம் சாதுவாகிவிடும் என்று அர்த்தமில்லை. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து ஓசோனோடு சேர்ந்தால் முதலில் ஆக்சான் என்கிற பொருளாக மாறும். அது மூல மருந்தைவிட நரம்புக்கு அதிகக் கெடுதல். மேற்கொண்டு சிதைந்தால்தான் விஷம் குறையும். பாதியில் நிறுத்தினால்? பரிசோதனையில் 'குளோர்பைரிபாஸ் குறைந்துவிட்டது' என்று சீட்டு வரும். வேறு பெயரில் இருப்பதை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஏலக்காயின் விலையே அதன் எண்ணெயிலும் வாசனையிலும் இருக்கிறது. ஆக்சிஜன் ஏறினால் அதுவும் சேதப்படக்கூடும்.

ஆகவே மருந்தடிப்பதைக் குறைக்காமல், 'கடைசியில் ஒரு மெஷினில் விட்டு எடுத்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். இயந்திரம் அடாவடிக்கு லைசென்ஸ் ஆகிவிடக்கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

அப்படியானால் எதற்குத்தான் ஆகும்? விதைக்கு ஆகும் என்று நினைக்கிறேன்.

நம் வீடுகளில் விதையைச் சும்மா விதைத்ததே இல்லை. பருத்திக்கொட்டையைச் சாணிப்பாலில் புரட்டினோம். அவரை, துவரையைச் செம்மண் கட்டி வெயிலில் போட்டோம். நெல்லை உப்புக் கரைசலில் போட்டு மிதந்ததைத் தள்ளினோம். சாம்பலும் வேப்பிலையும் இல்லாத குலுக்கை உண்டா? பிற்பாடு வேளாண்மைத் துறை வந்து திரம், கார்பென்டாசிம் என்று பொட்டலம் கொடுத்தது. பிறகு சூடோமோனாஸ். முட்டைக்கோஸ் விதையை 50 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்தால் கருகல் கிருமி போகும் என்பதும் பழைய பரிந்துரைதான். ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் போதும், சூடு கூடினால் விதை செத்துவிடும் என்பதுதான் சிக்கல். நோக்கம் எல்லாவற்றிலும் ஒன்று: தோலில் ஒட்டிக்கொண்டு வரும் நோயை வயலுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்துவது.

பிளாஸ்மா இந்த வரிசையில் பொருந்துகிறது. விதை சின்னது, காய்ந்தது. உருட்டிக்கொண்டே இருந்தால் எல்லாப் பக்கமும் ஒளி படும். சில நிமிடம் போதும். இன்னொரு நன்மை, தோல் லேசாக மாறி, தண்ணீர் முத்தாக உருண்டு ஓடாமல் பரவி ஒட்டும். அதனால் பல பயிரில் முளைப்பு விரைவாக வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். நேரம் மிஞ்சினால் கருவும் பாதிக்கும்; ஒவ்வொரு விதைக்கும் ஒரு அளவு. தக்காளிக்குச் சரியான நேரம் நிலக்கடலைக்குச் சரிவராது. பொட்டலத்து விதையில் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு இருக்குமே, அந்த மருந்தைத் தொட்டுவிட்டுச் சோறு தின்கிற கூலிப் பெண்களை நினைத்தால், பூச்சே இல்லாத விதை ஒரு பெரிய காரியம்.

விதையில் ஒட்டி வரும் கிருமி பயிரை மட்டும் கெடுப்பதில்லை, ஆளையும் கொல்லும். 2011 மே, ஜூன் மாதங்களில் ஜெர்மனியில் ஒருவகை ஈ.கோலை கிருமியால் ஐம்பதுக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் என்று பழி போட்டு, அந்த விவசாயிகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் பார்த்தால் முளைகட்டிய வெந்தயம். விதை எகிப்திலிருந்து வந்தது.

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சர்க்கரைக்காகவும் கொழுப்புக்காகவும் காலையில் முளைகட்டிய பயறு சாப்பிடுகிறவர்கள். அதனால் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு கைப்பிடி விதையில் பத்து லட்சம் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். '99.9 சதவீதம் கொல்லும்' என்று விளம்பரம். மிச்சம் ஆயிரம். நல்ல கதகதப்பும் ஈரமும் தீனியும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்து இரட்டிப்பில் ஆயிரம் மறுபடி பத்து லட்சம். அதாவது மூன்று மணி இருபது நிமிடம். நாம் துணியில் கட்டித் தொங்கவிடுவது ஒன்று, ஒன்றரை நாள்! பயறு கட்டும் ஈரத்துணி கிருமிக்குத் தாய்வீடு. நம் வீட்டுத் துணியில் கொஞ்சம் மெதுவாகவே பெருகும் என்றாலும், இருக்கிற நேரம் தாராளம். ஆகவே பிளாஸ்மா வந்தாலும் வராவிட்டாலும், பல்லுப்போன நாமெல்லாம் முளைகட்டிய பயறை ஆவியில் வேகவைத்தே தின்ன வேண்டும். வைட்டமின் கொஞ்சம் போகும். போகட்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்கறி சுத்தம் செய்யும் மெஷின் என்று ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரிலிருந்து அன்போடு வாங்கி அனுப்புகிறார்கள். இவற்றில் பல, ஒரு குழாய் வழியாகத் தண்ணீருக்குள் ஓசோன் குமிழி விடுபவை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அதை ஓட்டிவிட்டு, இழுப்பு நோய் உள்ள அம்மா இரவெல்லாம் இருமியிருக்கிறார். ஓசோன் கிருமிக்கு மட்டும் எதிரி அல்ல, நம் நுரையீரலுக்கும் எதிரிதான். வேலை செய்யும் இடங்களில் காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சப்ஸ்டேஷன் வாடை அடுக்களையில் அடித்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். காயைக் குழாய்த் தண்ணீர் ஓட ஓட, கையால் தேய்த்துக் கழுவுவதுதான் இன்றைக்கும் நம்மால் முடிந்த நல்ல வழி. மஞ்சளும் உப்பும் புழுவை வெளியே கொண்டுவரும், கிருமியைக் கொல்லும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

இயந்திரம் வந்தால் யார் கையில் இருக்கும் என்ற கேள்வி இருக்கிறது. மகாராஷ்டிரம் லாசல்கானில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002-ல் காமா கதிர் நிலையம் ஒன்றை வைத்தது. வெங்காயம் முளைவிடாமல் காப்பதற்காக. அது பெயர் வாங்கியதோ 2007 முதல் அமெரிக்காவுக்குப் போன மாம்பழத்தால். ஏற்றுமதி மாம்பழம் செலவைத் தாங்கும், சந்தை வெங்காயம் தாங்காது, அவ்வளவுதான். இதையும் அப்படி விட்டால் நாசிக் ஏற்றுமதித் திராட்சைக்கும் பெரிய விதைக் கம்பெனிக்கும் போய்ச் சேரும். கோம்பைக்கு வராது. (எங்கள் ஊருக்குத் தானாக வந்தது எது? நாயால் மட்டும் பெயர் வாங்கிய ஊர்!)

நம் பக்கம் இன்றைக்குத் தக்காளியையோ கத்தரியையோ சொந்தமாக நாற்றுப் பாவுகிறவர்கள் சொற்பம். எல்லாரும் நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு நாற்று வாங்குகிறோம். ஒரு பண்ணையில் நோய் இருந்தால் நாற்பது தோட்டத்துக்குப் போகிறது. ஆகவே இயந்திரம் வைக்க வேண்டிய இடம் விவசாயி வீடு அல்ல, நாற்றுப் பண்ணை. நாட்டு அவரை, மொச்சை, கடலை விதை வைத்திருப்பவர்களுக்கு உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். தஞ்சாவூர்க்காரர்களும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பெட்டியை உத்தமபாளையம் வட்டாரத்தில் ஒரு வருடம் வைத்துப் பார்க்கலாம். மின்சாரச் செலவு பயப்படும்படி இருக்காது, அதை நான் சொல்கிறேன். அழுத்தம்தான் ஆயிரக்கணக்கில், ஓடும் கரண்ட் சொற்பம். ஆனால் எர்த் சரியாகப் போட வேண்டும், ஓசோனை வெளியே தள்ளக் குழாய் வேண்டும், படித்த ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சோதனையையும் நம் கண்முன் செய்யட்டும். ஒரே பொட்டலத்து விதையை மூன்றாகப் பிரித்து, ஒரு தட்டு பிளாஸ்மா, ஒரு தட்டு வெந்நீர், ஒரு தட்டு ஒன்றும் செய்யாதது. எத்தனை முளைத்தது, எத்தனை அழுகியது என்று பண்ணை வாசலில் சாக்பீஸில் எழுதிப் போடட்டும். வெந்நீர் ஜெயித்தால் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம், ஒரு தெர்மாமீட்டரோடு முடிந்தது. உற்பத்தியாளர் குழுவில் இருக்கிற நம் வாசகர்கள் யாராவது இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசினால், கரண்ட் சம்பந்தமான மனு எழுதிக் கொடுக்க நான் தயார்.